கோவையில் பதினைந்து நாள்: முதன்முதலாகச் சைக்கிளில் ஏற எந்த மலை நல்லது?

வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம் – ஆகஸ்ட் 2

அனைவருக்கும் வணக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். விவசாயப் பம்புசெட் பழுது பார்ப்பது தொழில். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுவது, நீர்மூழ்கி மோட்டாரைப் போர்வெல்லிலிருந்து தூக்கி எடுத்துச் சரிசெய்து மறுபடி இறக்குவது, பயிர் காய்கிறது என்று இரவில் கூப்பிட்டாலும் டார்ச் விளக்கோடு வரப்பில் நடப்பது என்று இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இம்மாதம் 18ஆம் தேதியிலிருந்து பதினைந்து நாள் கோவையில் ஒரு பயிற்சி. காலை ஒன்பதரைக்குத்தான் வகுப்பு தொடங்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முழுதாகக் கையில் இருக்கின்றன. சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

எனக்கு வயது 41. கியர் சைக்கிள் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நீடாமங்கலத்திலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி போய் அன்றைக்கே திரும்பியிருக்கிறேன். 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். தூரம் எனக்குப் பயமில்லை. ஆனால் இந்த நான்கு ஆண்டுகளில் ஒரு மலைகூட ஏறியதில்லை. நம் பக்கத்தில் மலை என்று பெயர் கொண்டது சுவாமிமலைதான். அதுவும் கட்டுமலை. தமிழ் ஆண்டு அறுபதுக்கு 60 படிகள். ஏறி முடித்தால் முருகன் சன்னிதி வந்துவிடும். சைக்கிளுக்கு ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம், ஆற்றுக்கரை, அதைவிட்டால் தஞ்சாவூரைத் தாண்டி வல்லம் மேடு. மேம்பாலத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும்போதே இறக்கம் வந்துவிடுகிறது.

பம்பு வேலையில் ‘ஹெட்’ என்று சொல்வோம். தண்ணீரை எத்தனை மீட்டர் உயரம் தூக்க வேண்டும் என்பது அது. குழாய் எவ்வளவு தூரம் கிடையாகப் போகிறது என்பதைவிட எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதுதான் மோட்டாரைச் சோதிக்கும். மலைக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி 1,793 மீட்டர். ஹெட் 1,468 மீட்டர். நானும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அங்கே தூக்கி வைக்க ஆகும் வேலை ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 0.32 யூனிட். ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஐந்து நிமிடம் ஓடினால் அவ்வளவு செலவாகும். அந்த ஐந்து நிமிட மின்சாரத்தைக் கொடுக்க என் கால்களுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும்? ஒரு வாரமாக இது மனத்திலேயே நிற்கிறது.

ஏறியவர்கள் சொல்லுங்கள். கோவையைச் சுற்றி முதலில் எங்கே போவது, பிறகு எங்கே? எப்போது கிளம்புவது? என் சைக்கிளில் முன்னால் 50, 34 பல் சக்கரங்கள். பின்னால் 11 முதல் 28 வரை. இது போதுமா? ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்கிறார்களே, உண்மையா?

வல்லம் மேடு, தஞ்சாவூர் – ஆகஸ்ட் 2

தம்பி, கணக்கு சரியாக இருக்கிறது. பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். உராய்வையும் காற்றையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் மலையில் போகிற மெதுவான வேகத்தில் காற்றின் பங்கு மிகச் சிறியது. உயரம்தான் எல்லாம். இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பு சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் மிதிக்கு வருகிறது, மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. உங்கள் 0.32 யூனிட்டுக்கு உடம்பு 1,200 கலோரி வரை எரிக்கும். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள்.

கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நம்மிடம் மலை இல்லை, காற்று இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து கோவையைக் கடந்து காவிரியோடு இறங்கி வருகிற காற்றுதான் இது. காலை பத்து மணிக்கு மேல் தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை நோக்கி மேற்கே ஓட்டுங்கள். கையைத் தாழ்த்திக் குனியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் காற்றை வாங்கிக்கொண்டு, நிறுத்தாமல் ஒன்றரை மணி நேரம். மலையில் ஓய்வு இல்லாமல் மிதிக்கிற பழக்கத்துக்கு நம் ஊரில் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மேம்பாலத்தை இருபது முறை ஏறி இறங்குவதால் பயனில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இறக்கம் உங்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறது.

ஒரு வேறுபாடு உண்டு. எதிர்காற்றில் தோப்பு வந்தால் கொஞ்சம் தணியும். மலை தணியாது.

முடிந்தால் கோவைக்கு முன்பு ஒரு ஞாயிறு பச்சைமலை போய் வாருங்கள். திருச்சியிலிருந்து துறையூர் வரை பஸ்ஸில் போய்விட்டு, உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறலாம். நீலகிரியோடு பார்த்தால் சிறியதுதான், ஆனால் வளைவில் கியர் மாற்றும் பழக்கம் வரும். மேலே மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே சாலை போகும், வாகனம் மிகக் குறைவு.

குடமுருட்டி, கோவை – ஆகஸ்ட் 3

நீடாமங்கலத்துக்காரர் எழுதியதைப் பார்த்ததும் உட்கார்ந்து விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்குப் பாபநாசம். கோவைக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள். நானும் உங்களைப் போல வயலும் வாய்க்காலும் மட்டும் பார்த்து வளர்ந்தவன். இங்கே வந்த முதல் வாரம் மேற்கே திரும்பியபோதெல்லாம் வானத்தின் பாதியை மலை மறைத்துக்கொண்டு நின்றதை இன்னும் மறக்கவில்லை.

முதல் நாளே கோத்தகிரிக்குப் போகாதீர்கள். வகுப்பு ஒன்பதரைக்குத்தான் என்பதால் முதல் வாரம் காலையில் மருதமலைக்குப் போங்கள். நகரத்தின் மேற்கு ஓரத்திலேயே இருக்கிறது. கோயிலுக்கு ஏறும் வளைவுச் சாலை இரண்டு கிலோமீட்டர் அளவுதான், ஆனால் செங்குத்தாக இருக்கும். ஆறு மணிக்குள் அடிவாரம் போய் இரண்டு முறை ஏறி இறங்கினால் எந்த கியரில் உங்கள் கால் சுற்றுகிறது, எந்த கியரில் திணறுகிறது என்பது தெரிந்துவிடும். கிருத்திகை நாளில் மட்டும் வேண்டாம், கூட்டத்தில் பக்தர்களுக்கும் இடைஞ்சல், நமக்கும் ஆபத்து.

முதல் ஞாயிறு ஆனைகட்டி. தடாகம் சாலையில் போய் மாங்கரை சோதனைச் சாவடி தாண்டியதும் காடும் ஏற்றமும் ஒன்றாகத் தொடங்கும். கோவையிலிருந்து 30 கிலோமீட்டர்தான். மேலே போனால் கேரள எல்லை, அப்பால் அட்டப்பாடி. கோவைச் சைக்கிள்காரர்கள் ஞாயிறு காலையில் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள், துணைக்கு ஆள் கிடைக்கும். பெயரிலேயே ஆனை இருக்கிறது, விடிவதற்கு முன் மாங்கரையைத் தாண்டாதீர்கள்.

இரண்டாவது ஞாயிறு கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போக குன்னூர் பாதையும் இருக்கிறது. கல்லாறு, பர்லியார், 14 கொண்டை ஊசி வளைவுகள் என்று அழகான பாதைதான். ஆனால் உதகை போகும் பஸ், லாரி, சுற்றுலா வேன் எல்லாம் அதில்தான் ஏறும். வளைவில் ஒரு பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, மூச்சு வாங்க ஏறுகிற உங்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது. கோத்தகிரி பாதை சுமார் 33 கிலோமீட்டர், நெரிசல் குறைவு, ஏற்றமும் ஒரே சீராக இருக்கும். உங்கள் ஹெட்டைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: நூறு மீட்டர் போனால் சராசரியாக நாலரை மீட்டர் ஏறுகிறீர்கள்.

நீங்கள் எந்திரம் தெரிந்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து போகும் மலை ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை வெறும் சக்கரத்தால் ஏறுவதில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை கிடக்கும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்துத்தான் ஏறும். அங்கே மிகச் செங்குத்தான இடம் 12க்கு 1, அதாவது நூற்றுக்கு எட்டு மீட்டருக்கும் மேல். கோத்தகிரி சாலையில் அவ்வளவு ஏற்றம் சில வளைவுகளின் உள்பக்கத்தில் மட்டும் வரும். ஆகவே இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள் ஓரத்தை ஒட்டாமல், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு கொஞ்சம் வெளியே தள்ளி ஏறுங்கள்.

கியர் விஷயம். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் மிதியை ஒரு சுற்று சுற்றும்போது சைக்கிள் இரண்டரை மீட்டர் நகரும். 34க்கு 32 போட்டால் இரண்டே கால் மீட்டர். கேட்க அற்பமாக இருக்கும், மூன்றாவது மணி நேரத்தில் முழங்கால் அதன் அருமையைச் சொல்லும். வந்ததும் ஒரு கடையில் பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, அதாவது கேசட்டை, 32க்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பின் கியர் மாற்றி அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டர், மொத்தத்தில் லேசான இறக்கம். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்கு அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு நல்ல வெளிச்சத்தில் ஏறத் தொடங்கலாம். ஏறும் வழியில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழப் பருவத்தில் யானைகள் பழம் தேடிச் சாலைக்கே வரும். ஆகஸ்ட் கடைசியில் பருவம் முடியும் என்றாலும் கவனமாக இருங்கள். முன்னால் பஸ்ஸோ காரோ காரணமில்லாமல் நின்றிருந்தால் ஓரமாக முந்திப் போகாதீர்கள். நின்று கேளுங்கள்.

மாதமும் நல்ல மாதமாக அமைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் பெரும்பாலும் மேற்கேயே தடுத்துவிடும். கோத்தகிரிக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் அந்தச் சரிவுகளில் மண் சரிந்து எத்தனையோ உயிர்கள் போயின. அக்டோபரில் நீங்கள் கேட்டிருந்தால் போகவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூருக்கு 43 வளைவுகள் கொண்ட பாதை ஒன்று உண்டு. யாராவது உங்களிடம் அதன் அழகைச் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் தனியாக, முதல் முறை ஏறுகிறவர் போகும் இடமல்ல. காடு அடர்த்தி, ஆள் நடமாட்டம் குறைவு, சங்கிலி அறுந்தால் உதவிக்கு யாரும் இல்லை.

வேகம்? பக்கத்தில் ஒருவர் வந்தால் அவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். முதல் அரை மணி நேரம் இது மிக மெதுவாகத் தோன்றும். அதற்குள் வேகத்தைக் கூட்டியவர்கள்தான் குஞ்சப்பனையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

அரசலாறு, காரைக்கால் – ஆகஸ்ட் 4

அண்ணா, எல்லாரும் ஏறுவதையே சொல்லிவிட்டார்கள். நான் இறங்குவதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு சேலத்திலிருந்து ஏற்காடு போனேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சிரமம் இருந்ததே தவிரப் பயம் இல்லை. நாங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள், காரைக்காலில் பிரேக்கைப் பிடிப்பது மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான். மேலிருந்து திரும்பும்போது இரண்டு பிரேக்கையும் விடாமல் இழுத்துப் பிடித்தபடியே இறங்கினேன். ஏழெட்டு வளைவு வந்ததும் விரல்கள் மரத்துவிட்டன. பிரேக் முன்போலப் பிடிக்கவில்லை என்று தோன்றி ஓரமாக நின்றேன். முன்சக்கரத்தின் ரிம்மில் விரலை வைத்தேன். தோசைக்கல்லில் கை பட்டது போலச் சுட்டது. பிரேக் கட்டையின் ரப்பர் பளபளவென்று வழுவழுத்துப் போயிருந்தது, ஓரத்தில் ஒரு இரும்புத் துணுக்கு பதிந்து ரிம்மைக் கீறியிருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி இறங்கத் தொடங்கினேன்.

பிரேக்கை இழுத்துக்கொண்டே வரக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். நேர்சாலையில் விட்டுவிட வேண்டும், வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் நுழைந்ததும் விட வேண்டும். அப்போதுதான் ரிம் ஆறும். வளைவில் வெளிப்பக்கத்து மிதி கீழே இருக்கட்டும். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும், முன்சக்கரத்தில் வேண்டாம். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு முறை, கை வலித்தாலும் வலிக்காவிட்டாலும், நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள்.

புது பிரேக் கட்டை ஒரு ஜோடி வாங்கிப் போங்கள். ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் குளிர் நெஞ்சைப் பிடிக்கும், ஆகவே உலர்ந்த பனியன் ஒன்றும் மெல்லிய மழைச்சட்டை ஒன்றும் பையில் இருக்க வேண்டும். ஏற்காட்டில் ஒரு டீக்கடைக்காரர் கொடுத்த பழைய செய்தித்தாளைச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அது நன்றாகவே வேலை செய்தது.

அடுத்த முறை கோவை போனால் வால்பாறையை நினைவில் வையுங்கள். ஆழியாற்றிலிருந்து 40 வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால் அணை முழுவதும் கீழே தெரியும், பாறையில் வரையாடு நிற்கும். புலிகள் காப்பகம் என்பதால் சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு, கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

வெண்ணாற்றங்கரை – ஆகஸ்ட் 4

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எழுதியதைப் பையனிடம் சொல்லி அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். பச்சைமலைக்குப் போக முடியாது, குறுவை வயலில் மோட்டார் வேலை நெருக்குகிறது. காற்றுப் பயிற்சி நாளையே தொடங்குகிறேன். மன்னார்குடியிலிருந்து வரும் செம்மொழி எக்ஸ்பிரஸில் நீடாமங்கலத்தில் இரவு ஏறினால் விடியலில் கோவை. சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது?

குடமுருட்டி – ஆகஸ்ட் 5

பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து லக்கேஜ் பெட்டியில் ஏற்றலாம். என் அனுபவத்தில் சக்கரங்களைக் கழற்றிச் சட்டத்தின் இரு பக்கமும் வைத்துக் கட்டி, பைக்குள் போட்டு லக்கேஜாகக் கொண்டுவருவதுதான் நிம்மதி. ஒன்றை மறக்காதீர்கள்: பின் கியர் மாற்றியைச் சட்டத்திலிருந்து கழற்றித் துணியில் சுற்றி உள்ளே கட்டுங்கள். அது நீட்டிக்கொண்டிருந்தால் முதல் அடி அதற்குத்தான். டயரில் பாதிக் காற்றாவது இருக்கட்டும், அடி தாங்கும்.

வெண்ணாற்றங்கரை – செப்டம்பர் 6

நேற்று முன்தினம் ஊர் திரும்பினேன். நடந்ததை எழுதுகிறேன்.

காற்றுப் பயிற்சி எட்டு நாள் செய்தேன். கல்லணைச் சாலையில் மேற்கே போகும்போது மணிக்கு 14 கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லை. திரும்பும்போது லேசாக மிதித்தாலே 30. அந்த எட்டு நாள் இல்லாமல் கோத்தகிரியை முடித்திருக்க மாட்டேன்.

சைக்கிளை நான்கு நெல் சாக்குகளைப் பிரித்துத் தைத்த பையில் கொண்டுபோனேன். கியர் மாற்றியைக் கழற்றினேன். ஆனால் அதைத் தாங்குகிற சிறு அலுமினியத் துண்டு சட்டத்திலேயே இருந்தது, அதன் மேல் யாருடைய பெட்டியோ சாய்ந்து வளைந்துவிட்டது. சங்கிலி பெரிய பல்லில் ஏற மறுத்தது. கோவையில் ஒரு கடைக்காரர் அளவுகோல் வைத்து அரை மணி நேரத்தில் நிமிர்த்தினார். கேசட்டையும் 32க்கு மாற்றிக் கொடுத்தார். ரயிலில் கொண்டுபோகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டுங்கள்.

மருதமலை முதல் நாள் பாதியில் இறங்கிவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் காது அடைத்துவிட்டது. நான்காம் நாள் இரண்டு முறை நிற்காமல் ஏறினேன். உடம்பு நான்கு நாளில் வலுத்துவிடவில்லை, மெதுவாகப் போகக் கற்றுக்கொண்டதுதான் காரணம். ஆனைகட்டி சுகமாக இருந்தது. மாங்கரையில் கோவைக்காரர்கள் ஆறு பேர் சேர்த்துக்கொண்டார்கள்.

கோத்தகிரி ஞாயிறன்று ஆறே முக்காலுக்கு மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தில் நின்றேன். கீழே தண்ணீர் கலங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இது பவானிசாகரில் நின்று, பவானி கூடுதுறையில் காவிரியில் கலந்து, முக்கொம்பு, கல்லணை தாண்டி வெண்ணாற்றில் பிரிந்து எங்கள் தலைப்புக்கு வந்து சேரும். இருபது ஆண்டுகளாக நான் மோட்டார் வைத்து வயலுக்கு ஏற்றிக் கொடுத்த தண்ணீரில் இதுவும் இருந்திருக்கும். அது இறங்கி வந்த மலை எதிரே நின்றது. பாலத்தைத் தாண்டியதும் பாதை பிரிகிறது, கோத்தகிரிப் பக்கம் திரும்பினேன்.

முதல் ஐந்து கிலோமீட்டர் குடமுருட்டி ஐயா சொன்னபடி, பக்கத்தில் ஆள் இருப்பது போல வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஏறினேன். பேச்சு அறுந்தால் கியரைக் குறைத்தேன். கடைசி கியருக்கு வந்த பிறகு குறைக்க ஒன்றும் இல்லை, மிதியைத்தான் மெதுவாக்க வேண்டியிருந்தது. பழைய எண்ணெய் எஞ்சின் ஒரே சத்தத்தில் ஓடும், கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கால் சுற்றியது. ஒரு வளைவு திரும்பும்போது, இப்போதுதான் கடந்து வந்த சாலை என் முழங்காலுக்குக் கீழே, மரங்களுக்கு நடுவே நாடா போலத் தெரிந்தது. எங்கள் ஊரில் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் பின்னால்தான் இருக்கும். அது காலுக்குக் கீழே தெரிந்து நான் பார்த்ததில்லை. சைக்கிளை நிறுத்தி இரண்டு நிமிடம் அதையே பார்த்தேன்.

குஞ்சப்பனையில் டீ. நல்ல வேளையாக யானை எதுவும் இல்லை, சாலையில் சாணம் மட்டும் கிடந்தது, புதியது. அங்கிருந்து காற்று மாறிவிட்டது. ஒன்பது மணி வெயிலில் வியர்வை காய்ந்து கை குளிர்ந்தது. 22ஆவது கிலோமீட்டருக்கு மேல் வலது தொடை இழுத்துப் பிடித்தது. இறங்கி நூறடி தள்ளிக்கொண்டு நடந்தேன், கடலை மிட்டாய் இரண்டு தின்றேன், மறுபடி ஏறினேன். அரவேணு வந்தபோது இரு பக்கமும் தேயிலை. அங்கே ஒரு பாட்டி தோட்டத்து ஓரத்தில் நின்று, “எங்கிருந்து வருகிறாய்?” என்று கேட்டார். நீடாமங்கலம் என்றேன். அவருக்கு ஊர் தெரியவில்லை. தஞ்சாவூர் என்றதும், “நெல் விளைகிற ஊரா?” என்றார்.

நின்ற நேரத்தைக் கழித்தால் 3 மணி 25 நிமிடம். கணக்குப் போட்டேன். சராசரி 94 வாட். குதிரைசக்தியில் எட்டில் ஒரு பங்கு. வீட்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற அரைக் குதிரைசக்தி மோட்டாரில் கால் பங்கு. ஐந்து நிமிட மின்சாரம் என்று நான் எழுதியிருந்தேனே, அதைக் கொடுக்க என் கால்களுக்கு இவ்வளவு நேரம் பிடித்தது. இனி வயலில் ஒரு மோட்டார் வீணாக ஓடுவதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

இறக்கத்தில் அரசலாறு தங்கை சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தேன். மூன்று இடத்தில் நின்று ரிம்மைத் தொட்டேன். இரண்டு முறை இளஞ்சூடு, ஒரு முறை, குஞ்சப்பனைக்குக் கீழே, கை வைக்க முடியவில்லை. அங்கே கால் மணி நேரம் இருந்தேன். செய்தித்தாள் யோசனையும் உதவியது.

தை அறுவடை நேரத்தில் எனக்கு மோட்டார் வேலை குறையும். அப்போது நாமக்கல் வரை பஸ்ஸில் போய், காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற நினைத்திருக்கிறேன். 70 வளைவுகள். டெல்டாப் பக்கத்திலிருந்து யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா? சாக்குப் பை நான் தைத்துத் தருகிறேன்.

அரசலாறு – செப்டம்பர் 6

நான் வருகிறேன் அண்ணா. பொங்கல் கூட்டம் கழிந்து தை கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு பை வேண்டும், என் தம்பியும் வருகிறான்.

வல்லம் மேடு – செப்டம்பர் 7

எனக்கு ஒன்று. மலை ஏற அல்ல, காரவள்ளி வரை வந்து நீங்கள் இறங்கும் வரை காத்திருக்கிறேன். என் சைக்கிளில் கியர் கிடையாது.